பூட்டக்கா வாய் திறக்காத அரைமணி நேரம்

மட்டக்களப்பில் ஒரு வார்த்தையும் பேசாமலே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவர் எங்கள் பூட்டக்கா ஒருவர்தான். சந்தையில் தெரிந்த பெண் யாராவது எதிரே வந்தால் உடனே கத்தரிக்காயை ஆராயத் தொடங்குவார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு வந்தால் இறங்கும்வரை யன்னலால் வாவியையே பார்ப்பார். “படிச்ச தலைக்கனம்” என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

கஷ்டத்திலிருக்கும் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவர் மூத்த சமூகப் பணியாளர். நான் அவருக்குக் கீழே பயிலுநர். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏன்க்கா அந்த மனிசியக் கண்டிட்டு அங்கால திரும்பினீங்க?”

“நான் சிரிச்சா, பக்கத்தில நிக்கிற மாமி கேப்பா, ‘ஆரு புள்ள இவ, உனக்கு எப்பிடித் தெரியும்’ எண்டு. அவ என்னத்தச் சொல்லுவா? புருசன் அடிக்கிறத இவகிட்டத்தான் சொல்லி அழுதனான் எண்டு சொல்லவா? அவங்களா வந்து கதைச்சாக் கதைப்பன். நானாப் போக மாட்டன்.”

எங்களிடம் வருபவர்களின் விபரக் கோவைகள் இருக்கும் இரும்பு அலுமாரியின் சாவி அவர் கைப்பைக்குள் ஒரு சின்னப் பைக்குள் இருக்கும். அந்தச் சின்னப் பைக்கும் ஒரு பூட்டு. பெயர் அப்படி வந்ததுதான். ஒருமுறை யாரோ சீனி டின்னை அந்த அலுமாரிக்குள் வைத்துவிட, பூட்டக்கா அதைப் பார்க்காமல் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார். போன் எடுத்துக் கெஞ்சினோம்.

“அக்கா, சீனி உள்ளுக்க. மேலிடத்தில மாற்றுச் சாவி இருக்காம், கேட்டு எடுக்கட்டா?”

“சீனியோட கோவையும் உள்ளுக்கதானே கிடக்கு. மூணு நாள் சப்பெண்டு தேத்தண்ணி குடிச்சா ஒருத்தரும் சாக மாட்டீங்க.”

சாகவில்லை. ஆனால் நான்காம் நாள் அவர் படியேறியபோது மாலை போடாத குறையாக வரவேற்றோம்.

இன்னொரு நாள், வவுணதீவிலிருந்து ஒரு அம்மா உயிர்க் கோழி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். மகனுக்குப் பள்ளிக்கூட அனுமதி கிடைத்த சந்தோசம். பூட்டக்கா கோழியை என் கையில் தந்து, “வா, திருப்பிக் குடுத்திட்டு வருவம்” என்றார். பாலம் தாண்டும்வரை பஸ் முழுவதும் எங்களையே பார்த்தது. கோழி என் சல்வாரில் தன் கருத்தைப் பதிவுசெய்தது. அந்த அம்மா அழாக்குறையாக நின்றார்.

“கோவிக்காதீங்க. கோழி எடுத்தா நாளைக்குக் கோழி இல்லாத ஆள் எங்கிட்ட வரக் கூச்சப்படும். ஒரு பிளேன்டீ தாங்க, குடிச்சிட்டுப் போறம்.”

இரண்டு பிளேன்டீ குடித்தார். கோழி முற்றத்தில் மேய்ந்தது.

எங்களை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டார். மனம் கனக்கும் வீட்டுக்குப் போய்வந்த நாளில் எங்களை நேரே வீட்டுக்கு விடமாட்டார். வாவிக்கரையில் இருத்திக் கடலை வாங்கித் தருவார். “கேஸ் கதைக்கப்படாது. இஞ்ச இறக்கி வெச்சிட்டு வீட்ட போங்க” என்பார். “நீங்களும் இரிங்கக்கா” என்றால், “எனக்கு வேலை கிடக்கு” என்று நடந்துவிடுவார்.

இனிச் சொல்லப்போவதில் ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரே வாசித்தாலும் தன்னைக் கண்டுபிடிக்கமாட்டார். பூட்டக்காவிடம் கற்றது அது.

வாவியில் மீன்பிடிக்கும் ஒருவரின் மனைவி எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வயிற்றில் புற்றுநோய். பிந்தி வந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடியும்வரை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் பிடிவாதம். “இண்டைக்கெண்டாலும் வீட்ட சொல்லுங்க தங்கச்சி” என்று பூட்டக்கா ஒவ்வொரு முறையும் கெஞ்சினார். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு நானும் உள்ளே இருந்தபடியால் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் சொன்னார்: “போன வருசமே வயித்து நோ எண்டு அவருக்கிட்டச் சொன்னனான் மிஸ். வேலைக்குக் கள்ளமடிக்கிறாய் எண்டுட்டார். இப்ப தெரிஞ்சா அந்தச் சொல்ல நினைச்சு நினைச்சே மனிசன் முடிஞ்சிருவார். நான் போனாலும் இத அவருக்குச் சொல்லிப்போடாதீங்க.”

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த மறுவாரம், மனைவியின் கிளினிக் கொப்பிக்குள் எங்கள் அலுவலகத்தின் திகதிச் சீட்டைக் கண்டெடுத்துக்கொண்டு கணவர் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“உனக்குத் தெரியும்! ஆறு மாசமாத் தெரியும்! எனக்கு ஒரு வார்த்த சொன்னியா? தோணிய வித்தெண்டாலும் கொழும்புக்குக் கொண்டு போயிருப்பனே. நீதான் அவளச் சாகடிச்சாய்!”

என்னால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே பூட்டக்கா என் காலை மிதித்தார். சும்மா அல்ல, செருப்பின் வார் தோலில் பதியும்படி மிதித்தார்.

“இரிங்க அண்ணன்” என்று மட்டும் சொன்னார். அவர் இருக்கவில்லை. அரைமணி நேரம் திட்டினார். கேட்கக்கூடாத சொல்லெல்லாம் வந்தது. பூட்டக்கா பதில் சொல்லவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. கடைசியில் அவர் நிலத்தில் குந்தி அழுதார். பூட்டக்காவும் கதிரையை விட்டு நிலத்தில் இருந்தார்.

“ஏன் எனக்குச் சொல்லல்ல அவ? ஏன்?”

“அது அவவிட விருப்பம் அண்ணன்.”

கணவர் முறைப்பாடு கொடுத்து விசாரணை வந்தது. நடைமுறையில் பிழையில்லை என்றார்கள். ஆனாலும் விசாரித்த அதிகாரி கேட்டார்: “அவர் மனிசி சொன்ன காரணத்தச் சொல்லியிருந்தா இவ்வளவு பிரச்சினை வந்திருக்குமா மிஸ்?”

“வந்திராது சேர். ஆனா அவர் இன்னும் முப்பது நாப்பது வருசம் உசிரோட இரிக்கோணும்.”

சூடு ஆறும்வரை என்று வெளிவேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஊர் அவரைக் கொலைகாரி என்றது. அவர் கத்தரிக்காயைப் பார்க்கச் சந்தைக்கும் போகவில்லை. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குப் போகும். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கேட்டால், “நித்திர வருதில்ல புள்ள” என்பார்.

பரீட்சைக் காலம் முடிந்ததும் நானே அவருக்கு லீவுக் கடிதம் எழுதி முன்னால் வைத்தேன். மூன்றுதரம் வாசித்து, இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, கையெழுத்து வைத்தார். எனக்குத் தெரிய அவர் எடுத்த முதல் லீவு.

பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனேன். கைப்பையையும் செருப்பையும் என்னிடம் தந்துவிட்டு, சேலையோடு கடலுக்குள் இறங்கினார். அங்கே எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் வராது. நடந்தார், நடந்தார், சின்னதாகிப் போனார். கரைக்கு முதுகு காட்டி நின்றார். தோள் குலுங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. போவதா விடுவதா என்று யோசித்து, நின்ற இடத்திலேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தது.

“அந்தப் புள்ள சோதின எழுதிட்டாள்” என்றார்.

“ஆருக்கா சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் தூரத்தில நிண்டு பாத்தன். கடைசி நாள் சிரிச்சிக்கிட்டு வந்தாள்.”

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுவிட்டு, திருகோணமலையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். இப்போது அவர் கதிரையில் நான் இருக்கிறேன். இன்னும் அது எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.

அன்று பாசிக்குடாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஏறாவூர் வருமுன்பே பூட்டக்கா என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். மட்டக்களப்பு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். “இறங்குங்க மிஸ்” என்று கொண்டக்டர் வந்தார். நான் உதட்டில் விரலை வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் என்று கண்ணால் கேட்டேன்.