ஐயாவுக்கு முதுகு காட்டாத ஓட்டம்

மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்ற நாள் முதல் ஓட்டக்கலைக்குக் கிடைத்த மாபெரும் கொடை எது என்று யாராவது கேட்டால், திண்டுக்கல் ‘மாவட்டச் சுறுசுறுப்பு மேம்பாட்டு முகமை’யின் சுற்றறிக்கை எண் 417 என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

முகமையின் இணை இயக்குநர் மோகன்குமார், தேநீர் குடிக்கக்கூட எழுந்து போகாதவர். தேநீர்தான் அவரிடம் வரும். அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் ஓடி முடிக்கும் அதிகாரிகளுக்குச் ‘சுறுசுறுப்புச் செம்மல்’ பட்டமும் பதக்கமும் உண்டு. கூடவே ஒரு பேசர், அதாவது வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடும் ஆள், ‘முழுதும் ஓடினார்’ என்று கையெழுத்திட வேண்டும்.

கண்காணிப்பாளர் ஸ்டான்லி, நாகஜோதியைக் கூப்பிட்டார். எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கணினியில் தட்டச்சு செய்யும் ஒப்பந்தப் பணியாளர் அவள். கல்லூரியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவள். அடுத்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. ஊரில் போர்வெல் வற்றிக் கிடக்க, இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

“ஏம்மா, நீதான் ஐயாவுக்குப் பேசர். ஐயா மெடல் வாங்குனா அன்னைக்கே ஒனக்கு ரினீவல். இல்லைனா எரியோட்டுலயே இருந்துக்க.”

“சரிங்க சார். நான் முன்னால ஓடுறேன், ஐயா பின்னாலயே வந்தாப் போதும்.”

ஸ்டான்லியின் முகம் கறுத்தது. “முன்னாலயா? ஐயாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா?”

அந்த அலுவலகத்தில் ஐயாவின் அறையிலிருந்து வெளியேறும் எவரும் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவது மரபு. ஒரு குமாஸ்தா அப்படி வந்து தண்ணீர்க் குடத்தின்மேல் விழுந்தார், விழுந்தும் திரும்பவில்லை. அடுத்த மாதமே அவருக்குப் பதவி உயர்வு.

எனவே கூட்டம் கூடியது. பேசர் பின்னால் ஓடட்டும் என்றார் ஒருவர். “பின்னால ஓடுனா அதுக்குப் பேரு பேசர் இல்ல சார், தொரத்துறது” என்றாள் நாகஜோதி. பக்கத்தில் ஓடலாமே என்றார் இன்னொருவர். “சரிசமமாவா?” என்று எல்லோரும் பதறியதில் அது வடை வருவதற்குள் தள்ளுபடியானது. கடைசியில் பிறந்ததுதான் 417: பேசர் முன்னால் ஓடலாம், ஆனால் ஐயாவின் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக ஓட வேண்டும்.

எரியோட்டு வண்டிப்பாதையில் நாகஜோதி தினமும் காலையில் பின்பக்கமாக ஓடினாள். இரண்டு முறை வேலிமுள்ளில் விழுந்தாள். தக்காளிக் கூடையோடு போன பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் நின்று பார்த்தாள்.

“ஏ புள்ள, எதத் தொலைச்சுப்புட்டு இப்புடி வந்த வழியவே பாத்துக்கிட்டுப் போற?”

“வேலைய, சித்தி. தொலையாம இருக்கத்தான் ஓடுறேன்.”

சொல்லும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் ஆறே வாரத்தில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று பிடித்துவிட்டாள். ஐயாவும் சும்மா இருக்கவில்லை. ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டே கோப்புகளில் கையெழுத்திட்டார். ஸ்டான்லி அதைப் ‘பயிற்சி’ என்று பதிவேட்டில் ஏற்றினார்.

ஞாயிறு காலை, மலைக்கோட்டை அடிவாரம். ஐயாவுக்குப் பின்னால் எண்பத்து நான்கு ஊழியர்கள், பணிமூப்பு வரிசையில், மரபுப்படி தலை குனிந்தபடி. விசில் ஒலித்தது.

“மூச்ச விடுங்க சார்… கைய லூசா விடுங்க…” நாகஜோதி அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் பாய்ந்தாள். எழுநூறு மீட்டரில் ஐயாவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு.

“செத்த நேரம் நடங்க சார், தப்பில்ல.”

“நடக்குறதா? நான் ஜாயின்ட் டைரக்டர்ம்மா!” என்றவர், பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த ஜீப்பில் ஏறினார்.

நாகஜோதி ஓரமாகத் துள்ளி ஒதுங்கினாள். ஜீப் போனது. அதன் புகையைக் குடித்தபடி எண்பத்து நான்கு பேரும் தலை நிமிராமல் ஓடினார்கள். சீக்கிரம் வந்துவிட்டதால், நேரம் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று ஜீப் ஒரு வேப்ப மரத்தடியில் காத்திருந்தது. வேகத்தைச் சரியாகப் பங்கிட்டு ஓடுவது என்பது இதுதான். எல்லைக்கோட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்னால் ஐயா இறங்கி, பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்து ‘வியர்த்து’, நாடாவை நெஞ்சால் அறுத்தார். பத்தொன்பது நிமிடம், நாற்பது விநாடி!

மறுநாள் ஸ்டான்லி இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று பேசர் சான்றிதழ். மற்றது ஒப்பந்தப் புதுப்பிப்பு. எண்பத்து நான்கு பேரும், குனிந்து ஓடியதால் எதையும் பார்க்கவில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். முகமையின் ஆணைப்படியே ஐயாவைப் பார்த்துக்கொண்டு ஓடியவள் நாகஜோதி ஒருத்திதான்.

பிள்ளைகளின் முகம் வந்து போனது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினாள்: ‘ஐயா எழுநூறு மீட்டர் ஓடினார். மீதியில் பெரும்பகுதியை ஜீப் ஓடியது.’

“கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்லம்மா?” ஸ்டான்லி தலையில் கைவைத்தார்.

“கண்ணத் தொறந்துக்கிட்டு ஓடச் சொன்னது நீங்கதான சார்.”

அவள் எழுதிய தாள் ‘காணாமல்’ போனது. அவளுடைய வேலையும் அப்படியே. வேறொரு தாளில் ஸ்டான்லியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட, ஐயா செம்மலானார். 417-இல் ஒரு திருத்தம் வந்தது: இனிமேல் பேசர், கண்ணைக் கட்டிக்கொண்டே ஓட வேண்டும், கட்டுவதற்கான துணியை முகமையே வழங்கும். காலியான பேசர் இடத்துக்கு ஒரே நாளில் எண்பத்து நான்கு விண்ணப்பங்கள் வந்தன. முகமைக்கு எதற்கு வீண் சிரமம், துணியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று எல்லோருமே அதில் எழுதியிருந்தார்கள்.