நாலு வீட்டுக்குப் போன ஹார்டு டிஸ்க்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. பள்ளியில் கணக்கு வாத்தியாருக்கு ஆட்டினேன், பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஆட்டினேன், பெரிய சேதமில்லை. (என் வீட்டுக்காரர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.) ஆனால் பழனியில் ஒரு கணினிக் கடையில் ஆட்டிய ஆட்டுக்கு, எங்கள் ஊர்ப் பூண்டுக்காரர்கள் எல்லோருடைய மூன்று வருட உழைப்பும் ஆடிப்போனது.

பழனிக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் போளூரில் பூண்டு விவசாயிகள் குழுவின் அலுவலகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் என்றால் ஓர் அறை, ஒரு கணினி, ஜன்னல் வழியே கேட்காமல் உள்ளே வந்து உட்காரும் மேகம். ரசாயனம் போடாத பூண்டு என்று சான்றிதழ் வாங்க மூன்று வருடப் பதிவுகள் வேண்டும்: யார் தோட்டம், எந்த விதை, என்ன உரம், எந்த நாள். நோட்டில் எழுதிவைத்தோம். மேகத்துக்கும் வாசிக்கும் ஆசை வந்துவிட்டது போலும். பக்கங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. பிய்த்தெடுத்த வரைக்கும் கணினியில் ஏற்றினேன். அந்தக் கணினியும் ஒரு நாள் மயங்கி விழுந்து எழுந்தது. குழுத் தலைவர் கருப்பையா அண்ணன் பயந்துபோனார்.

"பத்திரமா வைக்கிற மாதிரி ஏதோ பெட்டி விக்கிதாம்ல. நீ போயி வாங்கிட்டு வா தாயி. நீதான் காலேசு படிச்சவ."

(நான் படித்தது வரலாறு. அதை அன்றே சொல்லியிருக்கலாம்.)

கடைக்காரத் தம்பி பெயர் செந்தில். "எத்தனை டெரா வேணும்க்கா?" என்றார்.

"நல்ல டெராவாப் பாத்துக் குடுங்க தம்பி."

அவர் பொறுமையாக விளக்கினார். ரெண்டு டிஸ்க் போட்ட பெட்டி என்றால் ரெண்டிலும் ஒரே சரக்கு இருக்கும். நாலு போட்ட பெட்டி என்றால் நாலிலும் பிரித்துப் பிரித்து எழுதும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதை மறுபடி கட்டிவிடும். எனக்குள் பனி இறங்கியது. ரெண்டைவிட நாலு பெரிசு என்பது மட்டும் பனிக்குள் தெரிந்தது. நாலு வாங்கினேன்.

"பெட்டிய மட்டும் நம்பாதீங்கக்கா. ஒரு காப்பி எடுத்து, ஆபீசுக்கு வெளியில வேற எடத்துல வச்சிருங்க."

இதற்கு மட்டும் உண்மையாகவே புரிந்து தலையாட்டினேன். ஏனென்றால் இது எங்களுக்குத் தெரிந்த சங்கதி. விதைப்பூண்டை எங்கள் ஊரில் யாரும் ஒரே வீட்டில் வைப்பதில்லை. மழைக்கு முன்னால் பங்கு பிரித்துச் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களில் ஏற்றிவிடுவோம். ஒரு பரணில் அழுகினாலும் இன்னொன்றில் விதை தப்பும். வைத்திருந்து தருபவர், தன் பங்காக ஒரு கைப்பிடி சேர்த்துத் தருவார்.

மயங்கி விழும் கணினியை நம்பாமல், பதிவுகளை எல்லாம் அதிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றினேன். ஐப்பசி மழையில் அலுவலகக் கூரை ஒழுகியது. நான் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். நாலு டிஸ்க்கையும் உருவினேன். ஒன்றைக் கருப்பையா அண்ணன் வீட்டில் அடுப்புக்கு மேலே, விதை காயும் புகைப்பரணில் வைத்தேன். ஒன்று பஸ்ஸில் பழனிக்கு, என் அக்கா வீட்டுக்குப் போனது. ஒன்று பாச்சலூரில் என் அத்தை வீட்டுக்கு. நாலாவதை என் ஸ்வெட்டரில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மழை ஓய்ந்தது. சான்றிதழ் ஆய்வாளர் போன் செய்தார்: வியாழக்கிழமை வருகிறாராம். பீரோவில் இருந்ததைப் பெட்டியில் சொருகினேன். சிவப்பு விளக்கு. பசியில் கத்தும் குஞ்சு மாதிரி 'கீ கீ' என்று ஒரே சத்தம். செந்திலைக் கூப்பிட்டேன்.

"மத்த மூணும் எங்கக்கா?"

"வெளியிலதான் தம்பி. நீங்க சொன்ன மாதிரியே."

"வெளியிலன்னா?"

"ஒண்ணு பழனில, ஒண்ணு பாச்சலூர்ல, ஒண்ணு அடுப்புக்கு மேல."

சிக்னல் போய்விட்டதோ என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"அக்கா, காப்பின்னா இன்னொன்னு எடுக்கிறது. நீங்க இருந்த ஒண்ணையே நாலாக் கூறு போட்டு அனுப்பிட்டீங்க. மூணு டிஸ்க்காவது ஒண்ணு சேராம ஒரு எழுத்துகூட வராது."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி அவரே வந்துவிட்டார், பழனி டிஸ்க்கோடு. அதை என் அக்கா சாமி அலமாரியில் வைத்துச் சந்தனம் பூசியிருந்தாள். செந்தில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. என்னுடையதும் பச்சை. பரணிலிருந்து இறங்கியது மட்டும் கரிக்கட்டையாக, பூண்டு மணத்தோடு வந்தது. விளக்கே எரியவில்லை.

"விதைக்கு ஆகுற பொகை இதுக்கு ஆகாதோ?" என்றார் கருப்பையா அண்ணன்.

"நீங்க இதைச் சுட்டே எடுத்துட்டீங்கண்ணே," என்றார் செந்தில்.

ஆக, பாச்சலூர்தான் கதி. அத்தைக்குப் போன் போட்டோம்.

"எங்க வீடு ஒழுகுச்சுல்ல தாயி. அதான் நாத்தனா வீட்டுக்குக் குடுத்துவிட்டேன்."

நாத்தனார் வீடும் ஒழுகியிருந்தது. அவர் இன்னொரு வீட்டுக்கு, அந்த வீட்டார் மேலக்காட்டில் யாருக்கோ. எல்லோரும் எங்கள் வழக்கப்படி ஒழுங்காகத்தான் நடந்திருந்தார்கள். செந்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார், டீ குடித்தார். "பதிவு இல்லைன்னா முதல் வருஷத்துல இருந்து திரும்பத் தொடங்கணும்மா. அடுத்த விதைப்பு வரைக்கும் பாக்கிறேன். எங்கதான் இருக்கு?"

"பாச்சலூர்ல இருக்கு சார்."

"பாச்சலூர்ல எங்க?"

எனக்கென்ன தெரியும்? அறை நிறைய நின்ற பூண்டுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். கருப்பையா அண்ணன் திட்டவில்லை. மருந்தடிக்காமல் பூச்சிக்குப் பாதி கொடுத்த வருடங்களை எண்ணுகிறவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திட்டியிருக்கலாம்.

மாதங்கள் போயின. விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பஸ் கண்டக்டர் ஒரு சாக்குப் பையை நீட்டினார். பாச்சலூர்ப் பக்கமிருந்து கைமாறிக் கைமாறி வந்ததாம். உள்ளே பழைய சேலைத்துணியில் டிஸ்க். கூடவே ஒரு கைப்பிடி பூண்டு.

செந்தில் வந்து சொருகினார். மூன்று பச்சை. பதிவுகள் வரிசையாகத் திறந்தன. கருப்பையா அண்ணன் திரையில் விரல் வைத்துத் தன் வரியைத் தேடிப் படித்தார். "ஆட்டுப்புழுக்கை, ஆறு கூடை. ஆமா தாயி, ஆறுதான்." சான்றிதழ் அந்த விதைப்போடு வந்தது. பதிவுகளுக்கு ஒரு முழுக் காப்பி எடுத்து, அதைச் செந்தில் பழனிக்கே கொண்டுபோய்விட்டார். என் கையில் தரமாட்டாராம்.

யார் வீட்டில் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் மண்வெட்டி காணோம் என்றாலும், மூக்குக் கண்ணாடி காணோம் என்றாலும், "பாச்சலூர்ல இருக்கும்" என்பார்கள். என் மகள் மதுரையில் வேலைக்குப் போனபின் ஒரு நாள் ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஏழாவதில் எடுத்தாள்.

"எங்கடி கெடக்க?" என்று கத்தினேன்.

"பாச்சலூர்லம்மா," என்றாள். "ஒழுகல. பத்திரமா இருக்கேன்."