எட்டுக் கவளச் சாமியின் துலாபாரம்

மரக்காணத்தில் அந்தக் கோடையில் உப்பைவிட அதிகமாக விளைந்தது ஆயுள்தான்.

சுனாமி வந்துபோன அடுத்த கோடை அது. கடல் ஒருமுறை ஊருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து எல்லாருக்கும் உயிர்மேல் ஒரு பயம் வந்திருந்தது. பயம் வந்த ஊருக்குச் சாமியார் வரத் தாமதமாகுமா? வந்தார் ஆயுளானந்த சுவாமிகள். வானூரிலிருந்து வேன், பிரம்மதேசத்திலிருந்து டிராக்டர், கீழ்புத்துப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ என்று கூட்டம் வந்து குவிந்தது. உப்பளத்து வரப்பில் கடலை வண்டியும் பலூன்காரனும் நிற்கிற அளவுக்குத் திருவிழாவாகிப் போனது.

சாமிக்கு வயது நூற்றுப் பதினெட்டாம். ஆதாரம் என்ன என்று கேட்டால், அவர் பிறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லையாம். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் உங்களுக்கு?

அவருடைய உபதேசம் சுருக்கமானது. மனுஷன் பிறக்கும்போதே அவனுக்கு இத்தனை கவளம் சோறு என்று எழுதியாகிவிட்டது. சீக்கிரம் தின்று தீர்த்தவன் சீக்கிரம் போவான். வேளைக்கு எட்டுக் கவளத்தோடு கையைக் கழுவுகிறவன் நூறு தாண்டுவான்.

"ஜப்பான் பக்கம் ஒரு தீவு இருக்குது," என்று மைக்கில் முழங்குவார். "அங்க எல்லாருக்கும் நூறு வயசு. ஏன்? எட்டு! அவங்க சாப்பாட்டு ரகசியம் எட்டு! அமெரிக்காக்காரன் மூக்குமுட்டத் திங்கறான், நாப்பதுல போய்ச் சேர்றான். நீங்க எந்தப் பக்கம்?"

கூட்டம் முழுக்க ஜப்பான் பக்கம் என்று கை தூக்கும். தூக்கிய கைகளில் பாதி, காலையில் பழைய கஞ்சிகூடக் காணாத கைகள்.

உபதேசம் இலவசம். ஆனால் சாமி தொட்டுக் கொடுத்த 'ஆயுள் உப்பு' இலவசமில்லை. தினமும் மத்தியானம் உப்பள முதலாளி தெய்வசிகாமணி வீட்டிலிருந்து ஒரு மூட்டை உப்பு, சாமியின் தவக்குடிலுக்குள் ஆசீர்வாதத்துக்குப் போகும். சாயங்காலம் பொட்டலமாக வெளியே வரும். தங்கள் கையால் வாரிய உப்பையே ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தவக்குடில் என்பது வேறொன்றுமில்லை, முதலாளியின் பழைய உப்புக் கிடங்குதான். உள்ளே யாருக்கும் அனுமதி கிடையாது.

முதலாளிக்கு இதில் என்ன லாபம் என்கிறீர்களா? உப்பு வாருகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு குண்டான் கஞ்சி ஊற்றுவது அந்த உப்பளத்தில் ரொம்ப நாள் வழக்கம். சாமி வந்த வாரமே அது நின்றுபோனது.

"உங்க ஆயுசு எனக்கு முக்கியம்பா," என்றார் தெய்வசிகாமணி, துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே. "நான் கஞ்சி ஊத்தி அந்தப் பாவத்தைக் கட்டிக்க மாட்டேன்."

இப்படி ஒரு கருணை எந்த முதலாளிக்கு வரும்!

இந்தக் கருணையில் முதலில் விழுந்தவன் குழந்தைசாமி. உப்பளத்தில் அவனைப்போல் பாத்தி மிதித்துச் சமன் செய்ய ஆள் கிடையாது. சுனாமியில் அவன் கண்ணெதிரே கூட்டாளி ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போனது. அதிலிருந்து ராத்தூக்கம் போய்விட்டது அவனுக்கு. சாமி வந்து ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுத்ததும் போய்க் காலில் விழுந்தான். பிரதான சீடன் ஆனான். விழுந்தவன் தனியாக விழுந்திருந்தால் பரவாயில்லை. மாசமாக இருந்த பெண்டாட்டி பொன்னியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான்.

பொன்னிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியது. கல்லைக் கொடுத்தாலும் கடித்துத் தின்றுவிடுகிற பசி. அவள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அவன் உட்கார்ந்துகொண்டு எண்ணுவான்.

"ஆறு... ஏழு... எட்டு. போதும், எழுந்திரு."

"யோவ், வயித்துல இருக்கிறது கேக்குதுய்யா."

"அதுக்கும் சேர்த்துத்தான்டி சொல்றேன். பிள்ளைக்கு எழுதின கவளத்தை இப்பவே நீ தின்னு தீர்த்துட்டா, பொறந்து அது எதைத் தின்னும்?"

அவள் கவளத்தைப் பெரிதாக உருட்டிப் பார்த்தாள். அவன் அதையும் கண்டுபிடித்து, கவளம் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். கெட்டவனில்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தான். பயந்த மனுஷனுடைய பாசம் கொலைகாரனைவிட மோசம் என்று பொன்னிக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த மாதம் நர்ஸ் ஜான்சி எடை போட வந்தாள். பொன்னியை மெஷின்மேல் ஏற்றிப் பார்த்தவள் முகம் மாறியது.

"இன்னா பொன்னி, போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்குது? ஏற வேண்டிய நேரத்துல இறங்கினா பிள்ளை எப்படித் தங்கும்?"

பொன்னி எட்டுக் கவளக் கதையைச் சொன்னாள். ஜப்பான் தீவையும் விடவில்லை.

ஜான்சிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அந்தத் தீவுக்காரங்க எட்டுன்னு சொல்றது நெசம்தான். வயிறு பத்துப் பங்குன்னா, எட்டுப் பங்கு ரொம்பினதும் போதும்னு எழுந்துடுவாங்க. பத்துல எட்டு! காயும் கிழங்கும் மீனுமா எட்டு. அதுல எட்டை மட்டும் புடிச்சுக்கிட்டு வயித்த விட்டுட்டாரு உங்க சாமி. நம்ம உப்பளத்துல யாருக்குடி எட்டுப் பங்கு ரொம்பிச்சு? மூணு பங்கு தாண்டறதே பெரும்பாடு."

"அமெரிக்காக்காரன் நாப்பதுல சாகறானாம் சிஸ்டர்?"

"அவன் குறைச்சுத் தின்னா அவனுக்கு நல்லதுதான். ஆனா அப்படித் தின்னும் அவன் நம்மளவிடப் பத்து வருசத்துக்கு மேல அதிகமா இருக்கான். அவனுக்கு டாக்டர் சொல்ற மருந்தை உனக்கு எதுக்கு ஊத்தறாரு உங்க சாமி? அளவுக்கு மீறித் தின்னாலும் கேடு, பட்டினி கிடந்தாலும் கேடு. எட்டுக் கவளத்துல எடை எறங்கும் பொன்னி. மெஷின் பொய் சொல்லாது."

பொன்னி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப எட்டுக் கவளம் திங்கற சாமிக்கு மட்டும் ஏன் சிஸ்டர் தொப்பை எறங்கல?"

மறுநாள் அவள் குளித்து, மஞ்சள் பூசி, கூட்டத்துக்கு நடுவே போய்ச் சாமி காலில் விழுந்தாள். சாமி ஒரு மண்டலம் கடும் தவம் தொடங்குகிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

"சாமி, என் பிள்ளை நல்லபடியா பொறக்க உங்களுக்கு உப்புத் துலாபாரம் வேண்டிக்கிட்டேன். தவம் தொடங்கறப்ப ஒண்ணு, முடிக்கறப்ப ஒண்ணு. உப்பு நாங்க எல்லாரும் போடறோம்."

வேண்டுதலை மறுக்கிற சாமி உண்டா? அதுவும் எடைக்கு எடை உப்பு சும்மா வருகிறபோது! சாமி கை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

உப்பு நிறுக்கிற பெரிய தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறுதட்டில் தலைதட்டி அளந்து கூடை கூடையாக உப்பைக் கொட்டினார்கள். நான்கு கூடையில் முள் நேராக நின்றது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமியோட சீடரையும் ஏத்துங்க," என்றாள் பொன்னி. "அவரும் அதே எட்டுக் கவளம்தான?"

குழந்தைசாமி வெட்கத்தோடு ஏறினான். மூன்று கூடை.

ஒரு மண்டலம் ஓடியது. வெயில் ஏற ஏற, உப்பு பூத்த பாத்திகளில் கண் கூசியது. கஞ்சி இல்லாமல் வாருகிறவர்களுக்குக் கண் இருட்டியது. அவர்களில் ஒருத்தி, செல்லம்மாள், ஒருநாள் கூடையோடு வரப்பில் சரிந்தாள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்றார் சாமி. பொன்னி மட்டும் ஜான்சி கொண்டுவந்து கொடுத்த சத்துமாவை அடுப்பங்கரையில் திருட்டுத்தனமாகத் தின்று பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைக்குச் சோறு திருடுகிற நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

இரண்டாவது துலாபாரத்துக்கு முதல் தடவையைவிடக் கூட்டம். தெய்வசிகாமணி பட்டு வேட்டியில் முன்வரிசையில் இருந்தார்.

முதலில் குழந்தைசாமி ஏறினான். இரண்டு கூடை உப்பைக் கொட்டி, மூன்றாவதைச் சாய்த்தபோது பாதியிலேயே அவன் தட்டு மேலே தூக்கிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அவன் விலா எலும்பை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்து சாமி. நான்கு கூடை கொட்டியாகிவிட்டது. தட்டு அசையவில்லை. பக்கத்தில் இருந்த ஐந்தாவது கூடையையும் கொட்டினார்கள். சாமி மேலே எழும்பாமல், தரைக்கு அரைச் சாண் உயரத்திலேயே கம்பீரமாகத் தொங்கினார்.

"எட்டுக் கவளத்துல அவரு எளைச்சாரு, நீங்க ஏறிட்டீங்களே சாமி?" என்றாள் பொன்னி.

சாமி புன்னகைத்தார். "தவக் கனம் மகளே! உடம்பு இளைக்கும், ஆயுள் கனக்கும். தராசுல ஏறியிருக்கறது என் உடம்பு இல்ல, என் ஆயுசு!"

அவ்வளவுதான். "ஆயுளானந்தா!" என்று கூட்டம் அலறியது. பொன்னி தராசு முள்ளைப் பார்த்தாள். மெஷின் பொய் சொல்லாது என்றாள் ஜான்சி. சரிதான், ஆனால் மெஷின் சொல்வதைத் திருப்பிச் சொல்கிற வாய் ஒன்று இருக்கிறதே!

"இன்னும் உப்பு கொண்டாங்கடா!" என்று பக்தர்கள் பறந்தார்கள். வாரி வைத்த உப்பு தீர்ந்துவிட்டது. பாத்திக்கு ஓட வேண்டும். பொன்னி சுற்றிலும் பார்த்தாள். கிடங்கு வாசலில், அன்றைய ஆசீர்வாத மூட்டை வந்தபடியே கிடந்தது. துலாபாரச் சந்தடியில் அதை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.

"தோ, மூட்டை இருக்குது," என்று நடந்தாள்.

"அது வேணாம்!" சாமியின் குரல் முதல் தடவையாக மைக் இல்லாமலே மூன்று பாத்தி தாண்டிக் கேட்டது. "அது... அது இன்னும் மந்திரிக்கலை மகளே!"

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பொன்னி மூட்டைக்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள். சாரை சாரையாக எறும்பு. வரப்பிலிருந்து புறப்பட்டு, வரிசை பிசகாமல், மூட்டை வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"எறும்பு," என்றாள்.

சாமி சமாளித்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட சாமர்த்தியசாலி! "பாத்தீங்களா பக்தர்களே! வாயில்லா ஜீவன்கூட ஆயுள் உப்பைத் தேடி வருது!"

இந்தத் தடவை யாரும் அலறவில்லை. அங்கே நின்றவர்கள் உப்பளத்து ஜனங்கள். பிறந்ததிலிருந்து உப்பிலேயே கிடப்பவர்கள். சாமி நூற்றுப் பதினெட்டு என்றார், நம்பினார்கள். கவளத்துக்குக் கணக்கு என்றார், நம்பினார்கள். ஆனால் இது?

"உப்புல எறும்பா?" என்றாள் செல்லம்மாள். "ஏம்பா, எந்த ஊர்லப்பா உப்புல எறும்பு மொய்க்கும்?"

பொன்னி மூட்டையைக் கவிழ்த்தாள். நாலு கை உப்பு கொட்டியது. பின்னாலேயே ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் கடகடவென்று உருண்டு குழந்தைசாமியின் காலடியில் போய் நின்றது. மூடி தெறித்தது. மேலடுக்கில் நெய் சொட்டச் சொட்ட அல்வா. அடுத்ததில் வறுத்த கோழி. அடியில் அமுக்கி அமுக்கி வைத்த பிரியாணி.

ஜப்பான்காரன் பாவம், இதைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டான்.

குழந்தைசாமி கேரியரைக் கையில் எடுத்தான். நம் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் விடமாட்டோம். அவன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான்.

"தெய்வ... சிகாமணி... சுலோசனா... திருமண... அன்பளிப்பு."

பட்டு வேட்டி மெல்ல நழுவப் பார்த்தது. செல்லம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஆயுசு உங்களுக்கு முக்கியம்னீங்களே மொதலாளி. சாமி ஆயுசு முக்கியமில்லையா? கோழி போட்டுக் கொல்லப் பாத்தீங்களே!"

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பசித்த வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவராக வந்து துலாத்தட்டிலிருந்து தங்கள் கூடை உப்பை வாரிக்கொண்டார்கள். கடைசிக் கூடை போனதும் சாமி, தவக் கனத்தோடு தொப்பென்று தரையில் இறங்கினார். எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு என்று எந்த முட்டாளும் சொல்ல மாட்டான்.

மறுநாள் மத்தியானம் உப்பளத்தில் கஞ்சிக் குண்டான் மறுபடி வந்தது. முதலாளியின் கருணையால் இல்லை, கஞ்சி வராமல் ஒருவரும் பாத்தியில் கால் வைக்க மாட்டோம் என்று உப்பு வாருகிறவர்கள் சொன்னதனால் வந்தது.

அன்று வீட்டில் குழந்தைசாமி சாப்பிட உட்கார்ந்தான். எட்டாவது கவளம் முடிந்ததும் கை தானாக நின்றது. பொன்னி ஒன்பதாவதை உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். எலுமிச்சம்பழ அளவெல்லாம் இல்லை, நல்ல சாத்துக்குடி அளவு.

அவன் அதை அவள் வாயில் ஊட்டினான். கண்ணீர் அவன் கன்னத்தில் ஓடியது.

"உன்னையும் புள்ளையையும் நானே கொன்னிருப்பேன்டி."

"கொன்னிருப்பதான். பயந்தா பயந்துக்கய்யா, வேணாங்கல. ஆனா பயத்துல மூளையைக் கழட்டி ஊரான் கையில குடுக்காத," என்றாள் அவள், மென்றுகொண்டே. "இனிமே எவனாச்சும் வந்து, கம்மியா தின்னு, நூறு வயசு இருன்னு சொன்னா, நல்லதுப்பான்னு சொல்லிட்டு, மொதல்ல அவனைத் தராசுல ஏத்து."