சும்மா இருந்து சாப்பிடும் செல்கள்

வீண்செலவு ஒழிப்பு அதிகாரி ஆய்வுக்கூடத்துக்கு விஜயம் செய்த அன்று, தட்டுக்காரி மேஜையை மூன்று தடவை துடைத்திருந்தாள். தட்டுகளில் செல் வளர்ப்பது அவள் உத்தியோகம்; அதனால் அந்தப் பெயர். இன்குபேட்டருக்குள் பன்னிரண்டு தட்டுகள் இருந்தன. வாரா வாரம் பழைய சத்துநீரில் பாதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, ஐந்து வாரமாகப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்து வந்தாள். வெள்ளிக்கிழமை அவற்றில் புது ரத்த செல்கள் தெரிந்தால் ஆய்வுக்கூடம் பிழைக்கும். தெரியாவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அவளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதிகாரி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். விளக்கு இன்னும் போடவில்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சத்தமில்லாமல் போட்டுவிட்டாள்.

"இதுல யார் யார் இருக்காங்க?"

"உருண்டையா இருக்கிறது ஸ்டெம் செல் சார். ரத்தத்த உண்டாக்கிறது அதுதான். அடியில பாய் விரிச்ச மாதிரி படுத்திருக்கே, அது தாங்கு செல்."

"அது ரத்தம் ஆகுமா?"

"ஆகாது சார்."

"பெருகுமா?"

"பெருகக் கூடாதுன்னு நாங்களே கதிர்வீச்சு குடுத்து நிறுத்தி வெச்சிருக்கோம்."

"சாப்பிடுமா?"

"சாப்பிடும் சார்."

அதிகாரியின் முகத்தில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் பரவியது. நோட்டை எடுத்தார்.

"ஐயோ சார், அது இல்லன்னா மேல இருக்கிறது செத்துப்போயிடும். பக்கத்துலயே இருந்து ஊட்டறது, அணைச்சு வெச்சுக்கிறது எல்லாம் அதுதான்."

"ஊட்டினதுக்குக் கையெழுத்து இருக்கா?"

இல்லை. செல்லுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

மாலைக்குள் உத்தரவு வந்தது: 'மேற்படி தாங்கு செல்கள் யாதொரு பணியும் ஆற்றாது தட்டின் பரப்பளவை ஆக்கிரமித்துள்ளமையால், நாளை காலை பத்து மணிக்குள் பணிநீக்கம் செய்யப்பட வேண்டியது.'

வீட்டில் அவள் புருஷன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக ஓர் அலுவலகத்தில் கிளார்க். அவள் அழுதுகொண்டே சொன்னதை, அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"வேலை செய்யாது, எடத்த விட்டு நகராது, சாப்பாடு மட்டும் வேணும். அப்படித்தானே அவருக்குப் படுது?"

"ஆமா."

"அசடு! அதப் போய் வேலைக்காரங்க லிஸ்டுல சேத்தியா? எங்க ஆபீசுல அவங்களுக்கு ரூமே தனி."

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தபோது ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மேற்பார்வைக் குழு'.

அதிகாரி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "என்னம்மா நீங்க, முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு..." குனிந்து தட்டைப் பார்த்தார். "அவங்களுக்கு இந்த எடம் போதுமா?"

வெள்ளிக்கிழமை அவள் ஒவ்வொரு தட்டாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். தாங்கு செல்களின் மடியில், கல் பாவிய தரை மாதிரி, புது செல்கள் நெருங்கி நெருங்கிக் கிடந்தன. பன்னிரண்டு தட்டிலும்!

அதிகாரி அறிக்கை எழுதினார். இந்த மகத்தான வெற்றி முழுக்க முழுக்க மேற்பார்வையினாலேயே கிட்டியது. ஆகவே அடுத்த தவணையில் தட்டு முழுவதும் மேற்பார்வைக் குழுவே இடம்பெறும். ஸ்டெம் செல் தேவைப்பட்டால் தட்டுக்கு ஒன்று. இந்தக் கொள்கை மனிதர்களுக்கும் பொருந்தும் என்று கண்டறியப்பட்டதால், ஆய்வுக்கூடத்தில் அனைவரும் மேற்பார்வையாளராகப் பதவி உயர்த்தப்படுகிறார்கள். மேற்பார்வையாளர் தட்டைத் தொடுவது விதிமீறல்.

அநியாயம் என்று கத்தத்தான் தட்டுக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் கை வைத்த நாற்காலி வந்துவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கத்தலாம் என்று நினைத்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் சத்துநீர் மாற்றும் நாள் வந்தது. "யாராவது தட்டுக்கு ஊத்துங்கப்பா!" என்று அவள் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள். "யாராவது ஊத்துங்கப்பா!" என்று மற்ற நாற்காலிகளிலிருந்தும் குரல் வந்தது. அந்தக் கட்டிடத்தில் வேலை செய்த மேற்பார்வையாளர்கள் இன்குபேட்டருக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். அவர்களுக்குத்தான் அன்று யாரும் சாப்பாடு வைக்கவில்லை.