எட்டு மாதிரிகளும் ஒரு தாடையும்

நாகரிகத்தின் வரலாறு என்பது, நுணுகிப் பார்த்தால், வரிசையின் வரலாறே. சாலைகள் நேராயின. கட்டடங்கள் நேராயின. மனிதனும் சீட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நிற்கக் கற்றான். இத்தனைக்கும் அடங்காமல் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நின்றவை பற்கள் மட்டுமே. அவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் பெரும்பொறுப்பை ஏற்றிருக்கிறது எங்கள் பல் மருத்துவமனையின் 'சீரமைப்புத் திட்டக் குழு'. அதன் கூட்டக் குறிப்புகளைப் பதினோரு ஆண்டுகளாக எழுதிவரும் பேறு பெற்றவன் என்ற முறையில், குழு ஈட்டிய ஒரு மகத்தான வெற்றியைப் பதிவுசெய்வது என் கடமையாகிறது.

வெற்றி நிகழ்ந்த இடம் என் அக்கா மகளின் வாய்.

அவளுக்கு அப்போது பதினொன்றரை வயது. மேல்வரிசை முன்பற்கள் வெளியே எட்டிப் பார்த்தன. கீழ்த்தாடை ஒரு அடி பின்வாங்கி நின்றது. கீழ்ப்பற்கள் இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கின. வாயை மூடினால் கீழுதடு மேற்பற்களுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ரொட்டியைக் கடித்தால் மேற்பல் மட்டுமே அதைச் சந்திக்கும். கீழிருந்து யாரும் வருவதில்லை. ஆகவே அவள் எதையும் விரலால் பிய்த்துக் கடைவாயில் வைத்தே தின்றாள்.

பக்கத்துத் தெருவில் ஒற்றை நாற்காலி வைத்துத் தொழில் செய்யும் பல் டாக்டர் ஒருவர் நான்கு நிமிடம் பார்த்துவிட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். இது வளர்கிற வயது. கழற்றி மாட்டுகிற கிளிப் ஒன்றைப் போட்டால் தாடை வளரும்போதே முன்னால் வந்துவிடும். நெருக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வருடம் போனால் வளர்ச்சி நின்றுவிடும், அதற்குப் பிறகு எந்தக் கிளிப்பாலும் தாடையை நகர்த்த முடியாது.

அக்கா தையல் கடை வைத்திருப்பவள். அளவெடுத்த அன்றே துணியை வெட்டிவிடும் அவசரக்காரி. மறுநாளே மகளை அழைத்துப் போவதாக இருந்தாள். தடுத்தவன் நான்.

"டேய், நாளைக்கே அளவு எடுத்துடலாம்னு சொல்றாருடா."

"அதுதான்க்கா எனக்குச் சந்தேகமே. யோசிக்கிற ஆளா இருந்தா நாளைக்கே எடுப்பாரா?"

எங்கள் குடும்பத்தில் கூட்டங்களுக்குச் சென்று வருபவன் நான் ஒருவனே. அக்கா நம்பினாள்.

குழுவின் மேன்மையை இங்கே சற்று விளக்க வேண்டும். ஒரு வாய்க்கு ஒரே பொருள்தான் உண்டு என்று கருதுவது பாமர மனம். எங்கள் குழுவோ ஒவ்வொரு வாயையும் பல்வேறு வாசிப்புகளுக்கு இடம் தரும் பிரதியாகவே அணுகியது. முதல் வாசிப்பு, ஊழியர்கள் அன்போடு 'குறடு டாக்டர்' என்றழைக்கும் மருத்துவருடையது. வாய் என்பது பேருந்து. இருக்கைக்கு மேல் ஆளிருந்தால் நான்கு பேரை இறக்கிவிடுவதே நிர்வாகம் என்பது அவர் நிலைப்பாடு. இதற்கு நேர்மாறானவர் 'திருகாணி மேடம்'. அண்ணத்தின் குறுக்கே சிறு திருகாணி பொருத்தி நாள்தோறும் கொஞ்சம் திருகினால் வாயே அகலும்போது யாரை எதற்கு இறக்க வேண்டும் என்பார் அவர். அவர் வழியில் போனால் பல் எலும்பை விட்டே வெளியேறிவிடும் என்று இவரும், இவர் வழியில் போனால் முகமே ஒட்டிப்போய்விடும் என்று அவரும் பதினோரு ஆண்டுகளாகச் சான்றுகளோடு நிறுவிவந்தார்கள். இவ்விருவருக்கும் மேலே தலைவர். 'பார்க்கலாம் டாக்டர்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். அவர் எடுத்த முடிவு தவறியதாக வரலாறு இல்லை. எடுத்ததாகவும் இல்லை.

குழுவுக்கு மூன்று விதிகள் இருந்தன. முடிவு ஒருமனதாக இருத்தல் வேண்டும். நோயாளியின் பற்களைப் பிளாஸ்டரில் வார்த்த மாதிரியை, ஒவ்வொரு உறுப்பினரும் தம் அறையில் முப்பது நாள் வைத்து ஆராய உரிமையுண்டு. குழந்தைகள் வளர்கிறவர்கள் ஆதலால், தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட மாதிரியின் மீது முடிவெடுத்தல் கூடாது. மூன்றும் தனித்தனியே அப்பழுக்கற்றவை. மூன்றின் நடையும் என்னுடையது.

உறுப்பினர் மூவர். ஆளுக்கு முப்பது நாள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாதிரி செல்லும்போது அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டுமாதலால் அதற்கொரு நாள். இப்படியாகக் கூட்ட மேசைக்கு வந்து சேரும்போது எந்த மாதிரிக்கும் வயது தொண்ணூற்றிரண்டு நாள். முதற்கூட்டம், என் அக்கா மகளின் மாதிரி இரண்டு நாள் முதிர்ந்துவிட்டதைக் கூர்ந்து கவனித்து, புதிய மாதிரி எடுக்கத் தீர்மானித்தது. குறிப்பில் 'விழிப்புணர்வு' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன்.

மாதிரி எடுப்பது லேப் டெக்னீஷியனின் வேலை. குழைத்த பசையைத் தட்டில் நிரப்பி அவள் வாய்க்குள் அழுத்திப் பிடிப்பார். முதல்முறை அவள் குமட்டிக் கண்ணீர் விட்டாள். மூன்றாம் முறை, மூக்கால் மூச்சுவிட்டுக் காலை ஆட்ட வேண்டும் என்று அவளே பக்கத்து நாற்காலிச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதே நாளில் டெக்னீஷியன் என்னைத் தனியே அழைத்து இரண்டு மாதிரிகளைக் கையில் தந்தார்.

"சார், இது முதல்ல எடுத்தது, இது இப்ப எடுத்தது. பக்கத்துல வச்சுப் பாருங்க. புள்ள விறுவிறுன்னு வளர்றா. இப்ப போட்டாத்தான் சார் உண்டு."

மாதிரி செய்பவர் மாதிரியைப் பற்றிக் கருத்துக் கூறுவது மரபன்று. அதைப் பெருந்தன்மையோடு குறிப்பில் சேர்க்காமல் விட்டேன்.

இந்நிலையில் தலைவருக்கு ஓர் உயர்ந்த எண்ணம் தோன்றியது. வளர்ச்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் விவாதிப்பது அறிவியலாகாது என்றார். மணிக்கட்டு எலும்புகளைப் படம் எடுத்தால் அது தெரியும். எடுத்தார்கள். அக்காவுக்கு இதன் நுட்பம் எட்டவில்லை.

"வாயில கோளாறுன்னு வந்தா கையைப் படம் புடிக்கிறாங்க. கண் வலின்னு சொன்னா காலைக் கட்டுவாங்களா?"

படம் சொன்னது: வளர்ச்சி உச்சத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு இதைவிட உகந்த காலம் இல்லை என்பதில் மூவருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டு, மாதிரி தொண்ணூற்றிரண்டு நாள் ஆகிவிட்டபடியால், கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

நான்காம் கூட்டத்தைப் பொற்காலம் என்பேன். சொல்லால் விவாதித்துப் பயனில்லை, செயலில் காட்டுவோம் என்று உறுப்பினர்கள் முன்வந்தார்கள். குறடு டாக்டர் ஒரு மாதிரியில் நான்கு பற்களை ரம்பத்தால் அறுத்தெடுத்து, எஞ்சியவற்றை மெழுகில் வரிசையாகப் பதித்துக்கொண்டு வந்தார். திருகாணி மேடம் இன்னொன்றின் அண்ணத்தை நடுவே பிளந்து அகட்டி, எல்லாப் பற்களுக்கும் இடம் கொடுத்திருந்தார். இரண்டும் கண்கொள்ளாக் காட்சி. வெளியே காத்திருந்த அக்காவையும் மகளையும் உள்ளே அழைத்துக் காட்டினோம்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"பொம்மைக்கு ரெண்டு தடவை சரியாயிடுச்சு. பரவால்ல. என் பொண்ணு எப்ப வரட்டும்?"

"பார்க்கலாம்மா" என்றார் தலைவர்.

ஐந்தாம் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு, பள்ளி மைதானத்தில் பறந்து வந்த பந்து நேரே அவள் மேற்பல்லில் பட்டு அதன் முனையை உடைத்தது. துருத்திய பல் அடிபடும் என்று பக்கத்துத் தெரு டாக்டர் எச்சரித்திருந்ததாக அக்கா அப்போதுதான் சொன்னாள். குழு உடைசலை ஆராய்ந்து, மாதிரியில் பல் முழுமையாகவும் நோயாளியிடம் குறையாகவும் இருப்பதைக் கண்டது. அன்றைய தீர்மானத்தை நானே சொல்லுக்குச் சொல் செதுக்கினேன்: 'மாதிரியில் பிழையில்லை. நோயாளியே மாதிரியினின்று விலகியுள்ளார்.'

அன்று அக்கா லேப்புக்கே போய்விட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன். அலமாரியில் அதுவரை எடுத்த மாதிரிகள் தேதிச்சீட்டோடு வரிசையாக நின்றன.

"டேய், அஞ்சு வாய் வச்சிருக்கீங்க இங்க. ஒண்ணாவது ஒழுங்கா மூடுதா? நான் பழையபடி அந்த டாக்டர்கிட்டயே போறேன்."

"அக்கா, அஞ்சு கூட்டம் முடிஞ்சுபோச்சு. இந்த நேரத்துல விட்டுட்டுப் போனா எல்லாம் வீணாயிடும். இன்னும் ஒரே ஒரு கூட்டம்."

அவள் என்னை நம்புவது அது கடைசித் தடவை என்பதை அறியாமல், அந்த வாக்கியத்தின் அழகில் நானே சற்று மயங்கினேன். அதே வாக்கியத்தை ஆறாம், ஏழாம் கூட்டங்களுக்கு முன்பும் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் இதற்குள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார்.

எட்டாம் கூட்டம் வந்தது. அவளுக்குப் பதின்மூன்றரை வயது கடந்திருந்தது. மணிக்கட்டை மீண்டும் படம் எடுத்திருந்தார்கள். தலைவர் அதை விளக்கின் முன் பிடித்தார். குறடு டாக்டர் எட்டிப் பார்த்தார். திருகாணி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எலும்புகள் மூடிக்கொண்டுவிட்டன. வளர்ச்சி முடிந்தது. இனி ஒரே வழி: பதினெட்டு வயதுக்குப் பிறகு கீழ்த்தாடையை அறுத்து முன்னால் நகர்த்தி ஆணியடிப்பது. இதில் பிடுங்கும் கட்சிக்கும் மறுப்பில்லை, விரிக்கும் கட்சிக்கும் மறுப்பில்லை. அறுவைக்கு முன் எப்படியும் புது மாதிரி எடுக்க வேண்டுமாதலால், மேசைமேல் இருந்த மாதிரியின் வயதை யாரும் எண்ணவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாகக் குழு ஒருமனதானது. இரண்டு மருத்துவர்களும் கைகுலுக்கினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா மகள், பெரியவர்கள் ஓயும் வரை காத்திருந்து, தலைவரிடம் கேட்டாள்.

"டாக்டர், நான் முதல் தடவை வந்தப்பவே பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கழட்டி மாட்டுற கிளிப் போட்டிருப்போம். தாடை முன்னால வந்திருக்கும். ஒரு வருஷ வேலை."

"அதுல என்ன சந்தேகம்" என்றார் குறடு டாக்டர். "பல்லைப் பிடுங்கறதா வேண்டாமாங்கறது அதுக்கப்புறம் வர்ற பேச்சு."

"நானும் அதைத்தாம்மா போட்டிருப்பேன்" என்றார் திருகாணி மேடம்.

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு பேருக்கும் சம்மதம்னா அதைப் போட்டிருக்கலாமே."

தலைவர் கனிவோடு சிரித்தார். "கருத்து வேறுபாடு இருக்கற விஷயத்தைத்தாம்மா கூட்டத்துல எடுப்போம். இதுல யாருக்குமே வேறுபாடு இல்லையே. அதனாலதான் அது பேச்சுக்கே வரல."

நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவன் நான் என்பதை அக்கா அறிவாள். அவள் டாக்டர்கள் பக்கம் திரும்பவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என் தோள்வழியே குனிந்து நோட்டைப் பார்த்தாள்.

"இதையும் எழுதுவீங்களா மாமா?"

எழுதுவேன் என்றேன். முடிவு எட்டியதும் கோப்பை மூடும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது நடைமுறை. பதினோரு ஆண்டுகளில் எந்தக் கோப்பும் அந்நிலையை அடையாததால், படிவம் கட்டுப் பிரிக்கப்படாமலே இருந்தது. அதில் ஒரு கட்டம்: 'நோயாளியிடமிருந்து அகற்றப்பட்டவை, எண்ணிக்கையுடன்'.

"எதுவுமில்லைன்னு போடுங்க" என்றார் குறடு டாக்டர், லேசான வருத்தத்தோடு.

நான் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ஆண்டுகள், இரண்டு.

அதற்குக் கீழே, 'அகற்றியோர் கையொப்பம்'. குழுவின் வழக்கப்படி மூவரும் படித்துப் பாராமலே ஒப்பமிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வாய்த்தது இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிகளே. முதல் வரியில் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன்.