கரைக்கு வராத மீன்

"முன்னாடி கரைக்கு வந்தவன் நானு. எனக்கப்புறம் வந்தவன் ஆல்வின். அவன் சீட்டுல எனக்கு முந்தின டைம் போட்டிருக்கு. இன்னாமா கணக்கு இது?"

படகுக்காரர் பொன்னுரங்கம் இரண்டு சீட்டுகளையும் பிலோமினாவின் மேஜைமேல் வைத்தார்.

லைட்ஹவுஸ் குப்பம் ஏலக்கூடத்தின் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் அவள்தான் பொறுப்பு. மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று படுத்தாலும் மற்றவை ஏலத்தை நடத்திவிடும். படகு வந்ததும் ஏதாவது ஒன்று நேரம் அச்சடித்துச் சீட்டு தரும். சீட்டில் முந்தியவர் மீன்தான் முதலில் ஏலம் போகும்.

திரைகளைப் பார்த்தாள். முதல் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. மூன்றாவது அவற்றுக்கு முக்கால் மணி பின்னால் இருந்தது.

சத்தம் கேட்டுச் சங்கத் தலைவர் பூபதி வந்தார். "சாயந்தரம் கூட்டம் இருக்கு. மெஷின் வேணுமா, பழையபடி வாயால கூவிக்கலாமானு முடிவு பண்ணப்போறாங்க. மெஷின் போனா உன் வேலையும் போச்சு."

பிலோமினா செல்போனை எடுத்துப் பார்த்தாள். "மூணாவதுதான்ணே சரியா இருக்கு. அந்த ரெண்டும் முன்னாடி ஓடுது."

"சரியா தப்பானு நான் கேட்டனா? மூணும் ஒண்ணா காட்டணும். ரெண்டு ஒரு டைம் சொல்லுது, ஒண்ணு வேற சொல்லுது. அந்த ஒண்ண மாத்து. சுளுவா முடியும்."

வீட்டிலும் இதே கணக்குதான். மாமியாரும் கணவன் ஜோயலும் சேர்ந்து ஒன்று சொன்னால் மூன்றாவது ஆள் அவள். தன் பக்கம்தான் சரி என்று தெரிந்தும், சோறு ஆறிவிடுமே என்று தலையாட்டிவிடுவாள். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு ஜன்னல் மெல்லச் சாத்திக்கொள்ளும். இந்த வேலை வந்தபிறகுதான் கொஞ்சம் காற்று வருகிறது.

மூன்றாவதை முக்கால் மணி முன்னால் தள்ளினாள்.

அடுத்த நிமிஷம் ஆல்வின் வந்து நின்றான். "அக்கா, இப்பதான் எறக்கின எறா. ரொம்ப நேரமா வெயில்ல கெடக்குனு மெஷின் ஏலத்துக்கே எடுக்க மாட்டேங்குது."

அவன் கையிலிருந்த கூடையில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அவன் சீட்டு நேரத்துக்கு மேல் முக்கால் மணியைக் கூட்டிக்கொண்டு, 'பழைய சரக்கு' என்றது திரை.

துள்ளுகிற ஒன்றைப் பழையது என்று சொல்ல வைத்தது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. இம்முறை தலைவரைக் கேட்கவில்லை. மூன்றாவதைச் சரியான நேரத்துக்கே திருப்பினாள். மற்ற இரண்டும் அதைக் கேட்டு நடக்கும்படி அமைத்தாள். இறால் ஏலத்துக்குள் வந்தது.

ஆனால் பொன்னுரங்கத்தின் மீனை வாங்கிய வியாபாரிக்குப் பில் வரவில்லை. 'படகு இன்னும் கரைக்கு வரவில்லை' என்று திரையில் இருந்தது.

"மீனு என் பொட்டில இருக்கும்மா" என்றார் வியாபாரி.

"இருக்குண்ணே. மெஷின் கணக்குல அது இன்னும் கடல்ல இருக்கு."

"அப்ப நான் ஏலம் எடுத்தது?"

"அது இன்னும் நடக்கல."

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். "நானு?"

"நீங்களும் கடல்லதான் இருக்கீங்க மாமா."

"அப்ப இங்க நின்னு டீ குடிக்கிறது யாரும்மா?"

ஒரே வழிதான் இருந்தது. முன்னால் ஓடிய மெஷின் சீட்டில் போட்ட நேரம் நிஜமாக வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். மீன்மேல் ஐஸை அள்ளிக் கொட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். வேலை போய்விடும் என்றே பிலோமினா நினைத்தாள். ஆனால் ஒத்துப்போய்விட்டு வருகிற அந்தப் பழைய புழுக்கம் இல்லை. தவறை நேராக்கிவிட்டுக் காத்திருப்பது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒருவழியாக நேரம் வந்து சேர்ந்தது. பில் வந்தது.

"கரைக்கு வந்துட்டேன்பா" என்றார் பொன்னுரங்கம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. கூட்டத்துல இதுக்குத்தான் கைதூக்குவேன்."

பூபதி மட்டும் கலங்கரை விளக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு எடுபடாத வருத்தம் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

பொன்னேரி சந்தையில் மீன் விற்கும் லோகாம்பாள், அப்போதுதான் வந்த படகின் மீனை வாங்கிக் கூடையில் போட்டாள். கூடவே தந்த சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இன்னா பாப்பா, நெஜ டைமையே போட்டிருக்க? நான் பொன்னேரி போய்ச் சேர முக்கா மணி ஆவும். இப்பதான் கரைக்கு வந்துச்சுனு சீட்டுல இருந்தாத்தானே அங்க வாங்குவாங்க?"

பிலோமினா விழித்தாள். லோகாம்பாள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து எங்களுக்காக ரெண்டு மெஷின்ல டைம முன்னாடி தள்ளி வச்சியே தலைவரே, மறக்காம அந்த மூணாவதையும் தள்ளியிருந்தா இந்தப் பொண்ணு இவ்ளோ அல்லாடியிருக்குமா?"