ஆவணி பிறந்ததும் ராஜினாமா

சான் ரமோனில் குடியிருக்கும் திருமூர்த்திக்கு வேலை அலுத்துவிட்டது. சாதாரண அலுப்பு இல்லை. லேப்டாப்பைத் திறக்கும்போது வந்த கொட்டாவி, மூடும்போதும் மிச்சம் இருந்தது. இருபது வருஷமாக யாரோ எழுதிய புரோகிராமில் ஓட்டை அடைத்தாயிற்று. இனி ஒரு நாள்கூட முடியாது. வேலையை விட்டே தீருவது!

விட்டால் சோற்றுக்கு? அதற்கும் வழி பண்ணியிருந்தார். பங்குச் சந்தையில் ஆப்ஷன் விற்று, அந்த வரும்படியை மாதாமாதம் டிவிடெண்டாகத் தருகிற ஒரு ஃபண்டில் சேமிப்பையெல்லாம் கொட்டியிருந்தார். முதல் மாதம் வந்த தொகையைப் பார்த்து அசந்துபோனார். அதை அப்படியே பன்னிரண்டால் பெருக்கினார். வருஷ வருமானம் ரெடி. ஒரு மழையைப் பார்த்துவிட்டு வருஷம் முழுக்க அணை நிரம்பும் என்று நம்புகிற ரகம் அவர்.

மனைவி புஷ்பவல்லிக்கு ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை. நாள் முழுக்க போனில் திட்டு வாங்கிவிட்டு, செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் சோபாவில் சரிந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மனிதர் ஆரம்பித்தார்.

"புஷ்பா, இந்த ஃபண்டு நம்ம வீட்டுல மூணாவது சம்பளக்காரன்!"

"மாசாமாசம் இதே அளவு வருமாங்க?"

"குறையவே குறையாது. கூடினாத்தான் உண்டு."

"ஃபண்டு விலை இறங்கினா?"

"இறங்கட்டுமே. நமக்கு டிவிடெண்ட்தானே முக்கியம்?"

"அப்ப ஒரு சம்பளம் இல்லாமலே ஓட்டிரலாம்?"

"தாராளமா! கண்ணை மூடிட்டு ரிசைன் பண்ணலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆடி பொறந்துருச்சுங்க. ஆடியில போய் யாராச்சும் இதெல்லாம் பண்ணுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

சண்டை வரும் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்? ஆடி முழுக்க மேனேஜர் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்த ஆடியில் ஃபண்டும் தள்ளுபடி அறிவித்துவிட்டது. டிவிடெண்ட் பாதிதான் வந்தது. விலையும் சரிந்திருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. திருமூர்த்தி வீட்டில் மூச்சு விடவில்லை. பாதியானால் என்ன, அவள் சம்பளம் இருக்கிறது. மெடிக்கல் இன்ஷூரன்ஸையும் அவள் ஆபீஸில் எடுத்துக்கொள்ளலாம். இழுத்துப் பிடித்தால் ஓடிவிடும்.

ஆவணி முதல் தேதி. குளித்து, விபூதி பூசி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ராஜினாமாக் கடிதத்தில் 'டியர்' வரைக்கும் அடித்திருப்பார். புஷ்பவல்லி பாயசத்தோடு வந்தாள்.

"எடுத்துக்கங்க. நல்ல நேரம் பார்த்து ஆறு மணிக்கே மெயில் அனுப்பிட்டேன்."

"என்ன மெயில்?"

"வேலையை விட்டுட்டேங்க."

வாயில் போட்ட பாயசம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சிரமப்பட்டு விழுங்கினார்.

"ஐயோ புஷ்பா! உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். போன மாசம் டிவிடெண்ட் பாதிதான் வந்துச்சு!"

"தெரியுங்க. ஜாயின்ட் அக்கவுண்டுதானே, நானும் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா விட்டே?"

"தெரிஞ்சதாலதான் முந்திக்கிட்டேன். அந்தக் காசுல ஒரு ஆள்தானே வீட்டுல உட்கார முடியும்? மீட்டிங்குக்கு நேரமாச்சு, கிளம்புங்க."